சீர்ச் சாமானோடு ஓர் அட்டை மாத்திரை

"நாள் தள்ளிப் போயிருக்கு டாக்டரம்மா" என்று வந்து உட்காரும்போதே பெரும்பாலும் ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும். காரைக்குடியில் மகப்பேறு பார்க்கிற எனக்கு இது தினமும் நடப்பது. ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுப்பேன், வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழாய் சரியாக மூடத்தான் இது முக்கியமாக வேண்டும், அதுவோ கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொண்டுவிடும், அதாவது நான் சீட்டு எழுதும்போது அந்த வேலை முடிந்தே போயிருக்கும். அதற்காக இனி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், ரத்தம் ஊற இந்த மாத்திரை பிறகும் வேண்டும்.

போன வாரம் பள்ளத்தூரிலிருந்து ஒரு பெண், மாமியாரோடு. கைப்பையைத் துழாவி அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டே மாத்திரைதான் குறைந்திருந்தது. "சூடுன்னாங்க" என்றாள், மாமியார் பக்கம் திரும்பாமலே. "ஆச்சி, வயிற்றைப் புரட்டுவதும் மலம் கறுப்பதும் இரும்புச்சத்து மாத்திரையால். இந்தக் குட்டி மஞ்சள் மாத்திரை ஒரு பாவமும் அறியாது" என்றேன். ஆச்சி சிரித்துவிட்டு, "அப்ப கீரை மண்டி போதாதா?" என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். கீரையில் இதே வைட்டமின் ஃபோலேட் என்ற வடிவில் உண்டு, அது வேகவைத்த தண்ணீரில் இறங்கிவிடும், எங்கள் பக்கத்துக் கீரைக் குழம்பான மண்டியில் அந்தத் தண்ணீரைக் கொட்டுவதில்லை. ஆனாலும் சூட்டிலேயே ஒரு பங்கு அழியும், சாப்பாட்டை மட்டும் நம்பித் தேவையான அளவைத் தினமும் எட்டுவது கஷ்டம். மண்டியும் சாப்பிடுங்கள், மாத்திரையும் போடுங்கள்.

அளவு தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது தொடங்கி கர்ப்பத்தின் 12ஆவது வாரம் வரை. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 5 மில்லிகிராம், பன்னிரண்டு மடங்குக்கும் மேல், அதனால் அளவைப் பார்த்து வாங்குங்கள். முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் அந்தப் பெரிய அளவு, அதுவும் டாக்டர் சொல்லி. (வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.) முந்தைய கர்ப்பத்தில் குழந்தைக்கு இந்தத் தண்டுவடக் குறை இருந்த தாய்மார்களிடம் நடந்த ஆய்வு 1991இல் வெளியானது. கருத்தரிக்கும் முன்பே 4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மறுபடி அப்படி நேர்வது சுமார் 72 சதவீதம் குறைந்தது.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும்போது கரண்டி வரை எண்ணி வைப்பார்கள். அதைச் சொல்லி, "அதோடு ஓர் அட்டை இதையும் வைக்கலாமே ஆச்சி" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க சின்னவளுக்குத் தையில கல்யாணம், அவளுக்கும் ஒண்ணு எழுதுங்க." அவளை ஒருநடை கூட்டி வரச் சொன்னேன். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.