வண்ணத்துப்பூச்சியின் வெயிலும் கேமராவின் கோணமும்

வீட்டுத் தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சிகளைப் படமெடுக்க ஏற்ற நேரத்தை, ஒளியைக் காட்டிலும் அவற்றின் உடல்வெப்பமே முடிவு செய்கிறது. பறப்பதற்குமுன் மார்புத் தசைகள் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற வேண்டும்; அவ்வெப்பத்துக்குப் பெரும்பாலும் சூரியனையே நம்பியிருப்பதால், இப்பூச்சிகள் காலையின் முதல் வெயில் விழும் இலைகளில் அமர்ந்து குளிர்காய்கின்றன. சில இனங்கள் சிறகுகளை விரித்து முதுகைக் காட்டும். மஞ்சள் நிறப் பூச்சிகள் சில, சிறகுகளை மூடியபடி பக்கவாட்டில் வெயிலை வாங்கும். உடல் சூடேறியபின் அவற்றைத் துரத்துவது பெரும்பாலும் வீண் வேலை.

ஆயிரக்கணக்கான நுண்கண்களால் ஆன வண்ணத்துப்பூச்சியின் கூட்டுக்கண், நம் கண்ணைவிட மங்கலான உருவத்தையே காண்கிறது. ஆனால் ஏறத்தாழ எல்லாத் திசைகளிலும் எழும் அசைவை உடனே உணர்ந்துவிடுகிறது. எனவே தாழ்ந்து, மெதுவாக, நம் நிழல் பூச்சியின்மேல் விழாதபடி நெருங்க வேண்டும். சட்டையின் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிடக் கையசைவைக் குறைப்பதே பயன்தரும் என்பது என் கருத்து.

மிக அருகிலிருந்து எடுக்கும்போது கூர்மையாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர் மட்டுமே. லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப்/8 அல்லது எஃப்/11 அளவுக்குச் சுருக்கினாலும், மூடிய சிறகின் தளத்துக்கு இணையாகக் கேமராவைப் பிடிக்காவிட்டால், சிறகின் ஒரு முனை தெளிந்து மறுமுனை மங்கிவிடும். கைபேசியின் சிறிய ஒளியுணரியில் இத்தொல்லை குறைவு. ஆனால் இன்னும் நெருங்க வேண்டியிருக்கும். நீலச் சிறகுகளுக்குக் கோணம் வேறொரு வகையிலும் முக்கியமானது. அந்நீலம் பெரும்பாலும் நிறமியால் வருவதன்று, செதில்களின் நுண்ணமைப்பில் ஒளி சிதறியும் குறுக்கிட்டும் தோன்றுவது என்பதால், சற்று நகர்ந்தாலே சில இனங்களில் பளபளப்பு மங்கிவிடும். ஆகவே ஒரே பூச்சியைப் பல கோணங்களில் எடுத்துவைப்பது நல்லது.

தேன் தரும் பூக்கள் பூச்சியைச் சில நிமிடங்களுக்கு நிறுத்தும்; புழுவுக்கு உணவாகும் செடியோ அடுத்த தலைமுறையையே தோட்டத்தில் வளர்க்கும். எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிக்கு எலுமிச்சை, வெந்தய வரியன் என்னும் இனத்துக்கு எருக்கு என அவற்றின் தேர்வு குறுகியது. பெண்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டி, கால்களில் உள்ள சுவை உணரிகளால் சோதித்த பிறகே முட்டையிடும். அந்தச் செடிகளில் பூச்சிக்கொல்லி தெளித்தால் புழுக்கள் மிஞ்சா.

கூட்டுப்புழுவின் உறை வழியே சிறகின் நிறங்கள் தெரியத் தொடங்கினால், கேமராவைத் தயாராக வைக்கலாம். வெளிவந்த பூச்சி தொங்கியபடி, கசங்கிய சிறகுகளுக்குள் உடல்திரவத்தைச் செலுத்தி விரிக்கும். அவை உலர்ந்து இறுகும்வரை பறக்க இயலாது. நிதானமாகப் படமெடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லையென்றாலும், அப்போது தொட்டாலோ கீழே விழச்செய்தாலோ சிறகுகள் கோணலாகவே இறுகிவிடக்கூடும்.