தேரிக்காட்டு மரங்கள் தண்ணீரைச் செலவழிக்கும் விதம்

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருக்கும்போது இட்டமொழியிலும் சாத்தான்குளத்திலும் மண் பறந்துகொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை மலைமேலேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது அது அழுந்திச் சூடேறுகிறது. வறண்டுபோன அந்தக் காற்று செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகச் சமவெளியில் பாய்கிறது. முப்பந்தலிலும் பணகுடியிலும் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும் மாதங்கள் அவை. இந்தப் பக்கத்துக்கு உருப்படியான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். நடுவில் உள்ள நாட்களில் வெயிலும் காற்றும் சேர்ந்து இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகின்றன. அப்படியும் தேரி எனப்படும் செம்மணல் காட்டில் உடை மரமும் பனையும் பச்சையாக நிற்கின்றன. வறட்சியைத் தாங்கும் மரங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். எப்படித் தாங்குகின்றன என்று பார்த்தால், தண்ணீரைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பதில் இந்த இரண்டுக்குமே வேறு வேறு வழி இருப்பது தெரியும்.

செலவு இலையில் தொடங்குகிறது. இலையில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. கரியமில வாயு உள்ளே வந்தால்தான் மரம் உணவு தயாரிக்க முடியும், அதற்குத் துளை திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும். கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியேறிவிடும். வேர் உறிஞ்சும் தண்ணீரில் சுமார் 95 சதவீதம் இப்படித்தான் காற்றோடு போகிறது. ஒவ்வொரு துளைக்கும் இருபுறம் இரண்டு காப்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் பொட்டாசியம் சேரும்போது தண்ணீரும் புகுந்து அவை விம்மும், துளை திறக்கும். மண் காயத் தொடங்கினால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் உருவாகும். பொட்டாசியம் வெளியேறும், செல்கள் தளரும், துளை மூடிக்கொள்ளும்.

மூடினால் தண்ணீர் மிச்சம். சரி, ஆனால் உணவு நின்றுபோகும். அதோடு இன்னொரு சிக்கலும் வரும். ஆவியாகிப் போகும் தண்ணீர்தான் இலையைக் குளிர வைக்கிறது. உச்சி வெயிலில் துளையை மூடிக்கொண்ட அகலமான இலை, சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடாகிவிடும்.

உடை மரத்தின் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்தச் சிக்கலுக்கு அது கண்ட வழி தெரியும். குடை பிடித்த மாதிரி தலை தட்டையாக நிற்கும் நம்ம ஊர் உடையைச் சொல்கிறேன், சீமைக்கருவேலத்தை அல்ல. அதன் இலை சில மில்லிமீட்டரே உள்ள சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். எந்தப் பரப்பையும் ஒட்டி, நகராத காற்று மெல்லிய படலமாகத் தங்கும். இலை அகலமாக அகலமாக அந்தப் படலமும் தடிக்கும், வெப்பம் வெளியேறத் தாமதமாகும். சிற்றிலையில் படலம் மிக மெல்லியது. அதனால் துளையை மூடிக்கொண்டாலும் காற்றே அதன் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. தேக்கு இலையை வாட்டிவிடும் வெயிலில் உடை சமாளிக்க இது ஒரு முக்கியக் காரணம். அதன் முள்ளும் இரண்டு வகை: நீண்டு வெளுத்த நேர்முள், குட்டையான வளைமுள். தண்ணீரைச் செலவழித்து உண்டாக்கிய இலையை ஆடு மேய்ந்துவிட்டால் மறுபடி துளிர்க்கச் செலவு கூடும் அல்லவா? காய் மட்டும் ஆட்டுக்குத்தான். தொரட்டியால் உலுக்கிவிட்டால் ஆடுகள் ஓடிவந்து தின்னும். ஓடு கெட்டியான விதைகள் செரிக்காமல் போய் வேறெங்கோ விழும்.

அடுத்தது மண். தேரியின் செம்மணலைப் பார்க்கிற எவருக்கும் இது பாலைவனம், பக்கத்துக் கரிசல்தான் ஈரம் காக்கும் மண் என்று தோன்றும். பயிருக்கு அது சரி. மழை குறைந்த ஊரில் ஆழமாக வேர் விடும் மரத்துக்கு நிலைமை பெரும்பாலும் தலைகீழ். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் தேரியில் அது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்கிவிடும். கரிசலில் மூன்று, நான்கு சென்டிமீட்டரோடு நின்றுவிடும், சில நாள் வெயிலில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மணலில் மேல்பரப்பு காய்ந்ததும் பருக்கைகளுக்கு இடையே உள்ள நீர்த்தொடர்பு அறுந்துபோகும். கீழே உள்ள ஈரம் மேலே ஏறிவர வழியில்லாமல் காய்ந்த மணலே மூடியாகிவிடுகிறது. கரிசல் போன்ற களிமண்ணில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் நுண்துகள்கள் நீரை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருப்பதால், மண்ணில் 20 சதவீதம் ஈரம் இருக்கும்போதே செடி வாடிவிடக்கூடும். மணலோ தன்னிடம் உள்ளதில் கடைசி சில சதவீதம் வரை வேருக்குக் கொடுத்துவிடும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள், தேரிக்கு நடுவே அந்தச் சுனையைப் பார்த்திருப்பார்கள். மணல் எவ்வளவு தண்ணீரை உள்ளே அனுப்பி வைத்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பொட்டல் என்று தேரியை ஒதுக்குபவர்களிடம் இதை நான் விடாமல் சொல்லுவேன்.

ஆழத்தில் கிடைத்த தண்ணீரை உச்சிக்கு ஏற்றுவது எப்படி? கரையில் வைத்த மோட்டார் பம்பு 10 மீட்டருக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சாது என்பதால்தான் ஆழமான கிணறுகளில் மோட்டாரை உள்ளே இறக்கிவைக்கிறோம். பனை 20 மீட்டரையும் தாண்டி வளர்கிறது, அதன் வேரில் எந்த மோட்டாரும் இல்லை. டிக்சன், ஜோலி என்ற இரண்டு அயர்லாந்து விஞ்ஞானிகள் 1894-இல் இதற்கு விளக்கம் சொன்னார்கள். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்பவை. இலையில் ஒன்று ஆவியாகும்போது அடுத்ததை இழுக்கும், அது அதற்கடுத்ததை இழுக்கும். மரத்துக்குள் இருக்கும் சைலம் என்ற நுண்குழாய்களில் இந்தச் சரடு வேர்வரை அறுபடாமல் நீள்கிறது. இழுவிசை முழுக்க வெயிலிலிருந்து வருகிறது, மரத்துக்குச் செலவே இல்லை. ஆபத்து என்னவென்றால், மண் வறள வறள சரடு மேலும் இறுகும். ஒரு கட்டத்தில் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்து சரடு அறுந்துவிடும். மரங்கள் வறட்சியில் சாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அப்படியானால் பனையின் பாளையைச் சீவினால் பதநீர் சொட்டுகிறதே, அது எப்படி? அது வேறு குழாய். இலையில் உண்டான சர்க்கரையைக் கொண்டுபோவது புளோயம் என்ற குழாய்த் தொகுதி. அதில் சர்க்கரை மிகுந்திருப்பதால் பக்கத்துச் சைலத்திலிருந்து தண்ணீர் உள்ளே புகுந்து அழுத்தம் ஏறும். சைலத்தை வெட்டினால் காற்றை உள்ளே இழுக்கும், புளோயத்தை வெட்டினால் சாறு வெளியே தள்ளப்படும். பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவுகிறார். சில மணி நேரத்தில் காயத்தில் புளோயத்தின் துளைகள் அடைத்துக்கொள்ளும், புதிதாகச் சீவினால்தான் மறுபடி சொட்டும். கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்பு பதநீர் புளித்துக் கள்ளாகாமல் காப்பதற்கு. உடன்குடிக் கருப்பட்டி முழுக்க இந்தக் குழாயிலிருந்து வருவதுதான்.

வேம்பின் வழி வேறு. பங்குனி வெயிலில் பழைய இலையை உதிர்த்துவிட்டுச் சித்திரைக்குள் தளிரும் பூவுமாக நிற்கும். வயதான இலைகள் துளையைச் சரியாக மூடுவதில்லை, தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அவற்றை உதிர்த்ததும் செலவு சட்டென்று குறையும், ஆழத்து வேர் கொண்டுவரும் நீர் தண்டில் நிறையும், மொட்டுகள் உடையும். மழையே இல்லாத நேரத்தில் மரம் துளிர்ப்பதன் காரணம் இதுதான்.

தண்ணீர் மிகுந்தாலும் சிக்கல்தான். கூந்தன்குளத்தில் நாரைகள் கூடு கட்டும் கருவேல மரங்கள் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கின்றன. வேருக்கு அங்கே தட்டுப்பாடு காற்றுதான். வெள்ளம் தாங்கும் மரங்கள் பட்டையில் உள்ள சிறு திறப்புகள் வழியாக மூச்சுவிடும், நீர்மட்டத்தை ஒட்டிப் புது வேரும் விடும்.

மறுபடி பனைக்கு வருகிறேன். இன்று பல ஊர்களில் குளக்கரைகளில் பனங்கொட்டை ஊன்றுகிறார்கள். கொட்டை முளைக்கும்போது குருத்து மேலே வருவதில்லை. கரு ஒரு குழல் போன்ற முளைக்குள் அமர்ந்து நேரே கீழே போகும். கொட்டையை வெட்டினால் கிடைக்கும் தவுன், உள்ளிருக்கும் உணவை உறிஞ்சிக் கீழே அனுப்பும் உறுப்பு. அந்த உணவு சேர்ந்து பருத்ததுதான் தைப்பொங்கலுக்கு அவித்துத் தின்னும் கிழங்கு. வளரும் முனை ஆரம்பத்திலேயே ஈரத்துக்குள் இறங்கிவிடுவதால் மேல்மண் காய்ந்தாலும் கன்று பிழைக்கும். இந்த முளையை அறுத்துப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைப்பது கடினம். அதனால் மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே, ஐப்பசி மழைக்கு முன்னால் கொட்டையை ஊன்றிவிட வேண்டும்.

அப்புறம் பல வருஷம் தரைக்கு மேல் ஓலை மட்டும்தான் தெரியும். பனைக்கு வேம்பைப் போல ஆண்டுதோறும் தண்டு பருக்காது, புதுச் சைலமும் சுற்றி உண்டாகாது. அடிமரத்தில் அன்று அமைந்த குழாய்களைக் கொண்டுதான் ஆயுள் முழுக்க அது தண்ணீர் ஏற்றியாக வேண்டும். ஆகவே முதலில் தரைக்குள்ளேயே தண்டை முழுச் சுற்றளவுக்குக் கட்டிமுடித்துவிட்டு, பிறகு உயரத் தொடங்குகிறது. வடலியாக, அதாவது இளம்பனையாக, இருக்கும்போது ஓலையை மொட்டையாக வெட்டிவிட்டால் தண்டு கட்டத் தேவையான சர்க்கரை குறையும், அந்த மெலிவைப் பின்னால் சரிசெய்யப் பனைக்கு வழியில்லை.