கன்ட்ரோல்: எதிரேட்டிலிருந்து விமானக் கோபுரம் வரை

'ஏர் டிராஃபிக் கன்ட்ரோல்' என்பதற்கு மொழிபெயர்ப்பில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று எழுதுகிறோம். கட்டுப்பாடு என்றதும் தடுப்பதுதான் நினைவுக்கு வரும். கன்ட்ரோலின் வேர்ப்பொருள் அதுவல்ல. இடைக்கால லத்தீனில் 'கான்ட்ராரோட்டுலஸ்' என்றால் எதிர்ச்சுருள்: ஒரு கணக்கைச் சரிபார்க்க வைத்த இரண்டாவது ஏடு, அதாவது எதிரேடு. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போயிற்று. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. ரங்கூன் கடையில் மேலாள் (முதலாளியின் முகவர்) எழுதும் கணக்கு ஊரிலிருக்கும் முதலாளி வீட்டுக்கு வந்துவிடும்; மூன்றாண்டுத் தவணை முடிந்து மேலாள் திரும்பியதும் பேரேடும் ஐந்தொகையும் பார்ப்பார்கள். எழுதும் கை வேறு, பார்க்கும் கண் வேறு.

விமானங்களுக்கிடையே பொதுவாக 5 கடல் மைல் அல்லது 1,000 அடி உயர இடைவெளி காப்பது எழுதும் கையின் வேலை. அதைத்தான் கனடா 1996இல் லாப நோக்கற்ற நிறுவனமான 'நாவ் கனடா'விடம் கொடுத்தது. பிரிட்டன் 2001இல் தன் வான்கட்டுப்பாட்டு நிறுவனமான 'நாட்ஸ்' பங்குகளில் ஒரு பகுதியை விற்றது. இரண்டும் ஒன்றல்ல. மூன்றாவது வகையும் உண்டு. அரசே உரிமையாளராக இருந்து கம்பெனி வடிவம் மட்டும் தந்தால் அது நிறுவனமயம்; தனியார்மயம் என்று எழுதக்கூடாது. இந்தியாவில் 2006இல் டெல்லி, மும்பை விமான நிலையங்கள் கைமாறின; கட்டுப்பாட்டுப் பணியோ விமான நிலைய ஆணையத்திடமே நின்றது.

சுவிஸ் வான்கட்டுப்பாட்டைப் பார்க்கும் 'ஸ்கைகைடு' அந்த மூன்றாவது வகை, பெரும்பாலும் அரசுக்கே சொந்தமான கம்பெனி. தெற்கு ஜெர்மனி வான்வெளியின் ஒரு பகுதியையும் அதுவே பார்த்தது. 2002 ஜூலை 1 இரவு அங்கே ஊபர்லிங்கன் மேலே இரு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். பணியிடத்தில் ஒரே ஆள், இரண்டு மேசை, உடனிருந்தவர் ஓய்வில். பராமரிப்புக்காக மோதல் எச்சரிக்கைக் கருவியின் திரைக்காட்சி நிறுத்தப்பட்டிருந்தது, முதன்மைத் தொலைபேசியும்தான்; மாற்று இணைப்பும் பழுது. ஆபத்தைத் திரையில் கண்ட ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ வான்கட்டுப்பாட்டு நிலையம் அழைத்தும் கிடைக்கவில்லை. எதிரேடு கையில் இருந்தும் கொண்டுசேர்க்க வழியில்லை.

இழப்பீடு யார் தருவது? வான்கட்டுப்பாடு அரசின் இறையாண்மைப் பணி, முறையான ஒப்பந்தமில்லாமல் அதை ஒப்படைத்தது செல்லாது, ஆகவே ஜெர்மனியே பொறுப்பு என்று 2006இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடுகளுக்கிடையிலான விமானப் போக்குவரத்து பற்றிய சிகாகோ உடன்படிக்கையின் 28ஆவது பிரிவும் இந்தச் சேவையை நாடுகளின் கடமையாகவே வைக்கிறது.

எனவே மொழிபெயர்ப்பில் 'பொறுப்பு' என்று மொட்டையாக விடாதீர்கள். வேலையைச் செய்வது பணிப்பொறுப்பு. நட்டஈடு கொடுப்பது இழப்பீட்டுப் பொறுப்பு. முதலாவதைக் கம்பெனிக்கு மாற்றலாம். இரண்டாவது அதனுடன் தானாகப் போய்விடாது. கோபுரத்துப் பணிக்குக் 'கட்டுப்பாடு' நிலைத்துவிட்டது, இருக்கட்டும். அதன்மேல் வைக்கும் கண்ணுக்குக் 'கண்காணிப்பு' என்றே எழுதுங்கள்.