லினக்ஸ் போடுவதற்கு முன் அந்த 48 எண்களை எழுதி வையுங்கள்

மறுபடியும் அதே நீலத் திரையோடு ஒரு லேப்டாப் என் மேசைக்கு வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் பொறியியல் கடைசி ஆண்டு மாணவர். படிப்புக்கும் அன்றாட வேலைக்கும் உபுண்டு என்ற லினக்ஸ், ராத்திரி நண்பர்களோடு வாலரண்ட் என்ற ஆன்லைன் கேம் ஆட விண்டோஸ் என்று இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறார். வீடியோ ஒன்றைப் பார்த்து சி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்கினார். அப்புறம் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், நம்பகமான மென்பொருளை மட்டுமே எழவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்தார். பென் டிரைவிலிருந்து உபுண்டுவையும் போட்டுவிட்டார். உபுண்டு அருமையாக ஓடுகிறது. விண்டோஸுக்குள் போனால், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் என்ற வசதி ரெக்கவரி கீ கொடு என்கிறது.

"அண்ணா, நான் எந்த லாக்கும் போடவே இல்லண்ணா" என்றார். இதே வார்த்தையை எத்தனை பேரிடம் கேட்டாயிற்று! இவர் விஷயத்தில் உள்ளே இருப்பது இறுதியாண்டு புராஜெக்ட். போன மாதம் வந்த ஒரு அம்மாவுக்கு, இறந்துபோன கணவரின் புகைப்படங்கள் முழுக்க அந்த டிஸ்க்கில் இருந்தன. மகன் கேம் விளையாட விண்டோஸை விட்டுவைத்து லினக்ஸ் போட்டதில் வந்த வினை.

லினக்ஸ் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் கடையில் அன்றாடம் ஓடுவதே லினக்ஸ்தான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே வந்தன. ஒரே டிஸ்க்கில் இரண்டு என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தபிறகு இன்னும் நிறையப் பேர் இந்தப் பக்கம் வருகிறார்கள், வரட்டும். ஆனால் அன்றைய லேப்டாப் வேறு, இன்றைய லேப்டாப் வேறு. அன்றைக்கு விண்டோஸ் திறக்காவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, கோப்புகளை எடுத்துக் கொடுத்துவிடுவோம். இன்றைக்கு முடியாது.

ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிரச்சினை முழுக்க இங்கேதான் இருக்கிறது. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் முதன்முதலாக ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு உள்ளே நுழையும்போதே, டிவைஸ் என்க்ரிப்ஷன், அதாவது பிட்லாக்கரின் எளிய வடிவம், தானாகச் செயல்படத் தொடங்கிவிடும். உங்களைக் கேட்காது. ஹோம் பதிப்பிலும் இது உண்டு. முன்பு குறிப்பிட்ட சில வசதிகள் இருந்த லேப்டாப்களில் மட்டும்தான் இப்படி நடக்கும். 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அந்த நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டது. அதனால் இப்போது வாங்கும் லேப்டாப்களில் பெரும்பாலானவை முதல் நாளே பூட்டிக்கொள்கின்றன. நீங்கள் லாக் போடவில்லை என்பது உண்மைதான். லாக் இல்லை என்பது உண்மையல்ல.

"விண்டோஸ் பாஸ்வேர்டு எனக்குத் தெரியுமே" என்பார்கள். அந்தப் பாஸ்வேர்டும் நாலு இலக்கப் பின் நம்பரும் விண்டோஸ் திறந்தபிறகு உங்களை உள்ளே விடுவதற்கு. டிஸ்க்கின் சாவி லேப்டாப்புக்குள் இருக்கும் டி.பி.எம் என்ற பாதுகாப்பு அமைப்பின் காவலில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வழக்கம்போல எழுந்தால் மட்டுமே அது சாவியைக் கொடுக்கும். செக்யூர் பூட்டை அணைத்தாலோ, கம்ப்யூட்டரை எழுப்பும் மென்பொருளான பூட் லோடர் வேறு ஒன்று நடுவில் வந்தாலோ, யாரோ திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு சாவியைத் தராது. அப்போது விண்டோஸ் உங்களிடம் கேட்பதுதான் ரெக்கவரி கீ. ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 எண்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும் அது அதே கீயைத்தான் கேட்கும். "ஏதாவது சாஃப்ட்வேர் வைத்து உடைத்துத் தாங்க, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்று கெஞ்சுகிறவர்களுக்கும் என் பதில் ஒன்றுதான். கீ இல்லாமல் நானும் எடுக்க முடியாது, சென்னையில் பெரிய ரெக்கவரி லேபும் எடுக்க முடியாது. முடியும் என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, கீ எங்கே இருக்கும்? முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு லேப்டாப்பைத் தொடங்கினார்களோ, அந்தக் கணக்கில். நம் ஊரில் சிக்கலே இங்கேதான். லேப்டாப் விற்ற கடையில் இருக்கும் பையன், "செட் பண்ணித் தர்றேன் சார்" என்று உங்கள் பெயரில் ஏதோ ஒரு அவுட்லுக் முகவரியை உருவாக்கி, ஏதோ ஒரு பாஸ்வேர்டு வைத்து, பின் நம்பர் மட்டும் 1234 என்று சொல்லி அனுப்பியிருப்பார். வாங்கியவருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. கீ அந்தக் கணக்கில் பத்திரமாக இருக்கும், ஆனால் அந்த முகவரி யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடை வைத்திருக்கும் என் தொழில் நண்பர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: வாடிக்கையாளரை உட்கார வைத்து அவருடைய சொந்தக் கணக்கையே போட்டுக் கொடுங்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

ஆகவே லினக்ஸ் பென் டிரைவைத் தயார் செய்வதற்கும் முன்னால், விண்டோஸில் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்ற இடத்தில் டிவைஸ் என்க்ரிப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்று இருந்தால், ஃபோனிலிருந்தே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, அதிலுள்ள ரெக்கவரி கீ பக்கத்துக்குப் போய் அந்த 48 எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதே லேப்டாப்பில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துப் பயனில்லை. கணக்கைத் திறக்க முடியவில்லையா? அப்படியானால் என்க்ரிப்ஷனை முதலில் ஆஃப் செய்யுங்கள். டிஸ்க் முழுவதும் பூட்டு நீங்க நேரம் எடுக்கும், முடியும்வரை சார்ஜரைப் பிடுங்காதீர்கள். முடிந்ததும் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். டி டிரைவில் போட்டிருக்கிறேன் என்பது பேக்கப் ஆகாது. அதுவும் அதே டிஸ்க்தான்.

உபுண்டுவின் பல பதிப்புகளில், நிறுவும்போது பிட்லாக்கர் ஆனில் இருந்தால், விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவும் வழியை அது காட்டாது. போய் அணைத்துவிட்டு வா என்றுதான் சொல்லும். பொறுமை இல்லாதவர்கள் அங்கே கண்ணில் படும் "எரேஸ் டிஸ்க்" என்பதை அழுத்திவிடுகிறார்கள். சி டிரைவ் மட்டும் போகும் என்று நம்பி அழுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். முழு டிஸ்க்கும் போய்விடும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால் நானாவது உட்கார்ந்து பாதியையாவது மீட்பேன். சுழலாத புதுவகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டியில் லினக்ஸ் ஃபார்மேட் செய்யும்போதே, இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடுகிறது, டிஸ்க்கும் உடனே துடைத்துவிடுகிறது. அதற்குமேல் ரெக்கவரி சாஃப்ட்வேரை எத்தனை மணிநேரம் ஓடவிட்டாலும் பூஜ்ஜியங்கள்தான் கிடைக்கும்.

அடுத்தது, செக்யூர் பூட்டை அணை என்று எல்லா வீடியோவிலும் முதல் படியாகச் சொல்கிறார்களே, அது. உபுண்டு, ஃபெடோரா, மின்ட் மூன்றும் செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே நிறுவப்பட்டு ஓடும். அணைக்கத் தேவையே இல்லை. கேமுக்காகத்தான் விண்டோஸை வைத்திருக்கிறீர்கள் என்றால் அணைக்கவே கூடாது. விண்டோஸ் 11-ல் வாலரண்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்டு, டி.பி.எம் 2.0-வும் செக்யூர் பூட்டும் இல்லாமல் ஆடவிடாது. 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்ட் 6-ம் செக்யூர் பூட் கேட்கிறது. அதை அணைத்துவிட்டு, கேம் திறக்கவில்லை என்று மறுபடி ஆன் செய்து, லினக்ஸுக்காக மறுபடி அணைத்து என்று மாற்றி மாற்றி விளையாடும்போதுதான் ஒருநாள் அந்த நீலத் திரை வந்து நிற்கிறது. என்விடியா கார்டு இருந்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் எம்.ஓ.கே என்று தலைப்பிட்ட ஒரு திரை சில நொடிகளே நிற்கும். அதில் என்ரோல் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய் கன்டினியூ கொடுத்துவிட்டு, லினக்ஸில் கிராபிக்ஸ் வேலை செய்யவில்லை என்று செக்யூர் பூட்டைக் குற்றம் சொல்கிறார்கள்.

கேமுக்கு விண்டோஸ் வேண்டுமா என்பதையே முதலில் பார்த்துக்கொள்வதும் நல்லது. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டானை 2018-ல் வால்வ் நிறுவனம் வெளியிட்டபிறகு, அவர்களுடைய கேம் கடையான ஸ்டீமில் இருக்கும் தனியாள் கேம்களில் பெரும்பாலானவை லினக்ஸிலேயே ஓடுகின்றன. டோட்டா 2-வும் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-வும் லினக்ஸுக்கும் நேரடியாகவே வருகின்றன. முட்டுவது, ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் ஆன்டி சீட் உள்ள ஆன்லைன் கேம்களில்தான். வாலரண்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. முன்பு ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸை நிறுத்திவிட்டது. நீங்கள் ஆடுவது இந்த வகை இல்லையென்றால் இத்தனை தலைவலியே வேண்டாம்.

இன்னொரு வகை லேப்டாப்பும் அடிக்கடி வருகிறது. விண்டோஸின் கோப்புகளை லினக்ஸிலிருந்து திறந்து எழுதி, மறுபடி விண்டோஸுக்குப் போனால் ஃபோல்டர்கள் காணாமல் போயிருக்கும். காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதியைத் தூங்கவைத்துவிட்டுத்தான் போகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக அணையும். அப்படித் தூங்கும் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கில் விண்டோஸுக்குரிய பகுதியில், லினக்ஸ் எழுத மறுப்பது உங்கள் நன்மைக்கே. வலுக்கட்டாயமாக எழுதவைக்கும் கட்டளையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டாதீர்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்கும் பிறகு இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் கேம்களை இரண்டுக்கும் பொதுவாக விண்டோஸ் பார்ட்டிஷனில் வைப்பதையும் விட்டுவிடுங்கள். புரோட்டான் உருவாக்கும் சில பெயர்களை விண்டோஸ் ஏற்காது.

கடிகாரம் ஐந்தரை மணிநேரம் தப்பாகக் காட்டுகிறது என்று பேட்டரி மாற்ற வருபவர்களும் உண்டு. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. லினக்ஸ் உலக நேரத்தை வைத்துக்கொள்கிறது, விண்டோஸ் நம் ஊர் நேரத்தை வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். லினக்ஸில் ஒரு வரிக் கட்டளையில் சரியாகிவிடும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் என் ஆலோசனை எப்போதும் ஒன்றே: இரண்டாவது எஸ்.எஸ்.டி வாங்கிப் போடுங்கள். கேமிங் லேப்டாப் பலவற்றில் காலியாக ஒரு ஸ்லாட் இருக்கும். ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். வாங்குவதற்கு முன் ஸ்லாட் இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். லினக்ஸ் நிறுவும்போது முடிந்தால் விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். உபுண்டுவின் பழைய நிறுவி, இரண்டாவது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் பூட் லோடரை முதல் டிஸ்க்கில் கொண்டுபோய்ப் போட்ட கதை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கழற்ற முடியாவிட்டால் டிஸ்க்கின் மாடல் பெயரையும் அளவையும் வைத்து அடையாளம் காணுங்கள். பூஜ்ஜியம், ஒன்று என்ற வரிசை எண்ணை நம்பாதீர்கள், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது மாறக்கூடும்.

அப்புறம் விண்டோஸுக்குப் போக, லினக்ஸின் பூட் லோடரான கிரப் காட்டும் மெனு வழியாகப் போகாமல், லேப்டாப்பின் சொந்த பூட் மெனுவையே பயன்படுத்துங்கள். டெல், லெனோவா என்றால் எஃப்12, எச்.பி என்றால் எஃப்9. கிரப் நடுவில் வராததால் பிட்லாக்கருக்குச் சந்தேகமும் வராது. 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் ஒன்று உலகம் முழுக்கப் பலருடைய லினக்ஸை எழவிடாமல் செய்தபோதும், என்னிடம் வந்தவர்களின் விண்டோஸ் பக்கம் நன்றாகவே இருந்தது. லினக்ஸ் போய்விட்டது என்று பதறி மொத்தத்தையும் ஃபார்மேட் செய்தவர்களுக்குத்தான் நஷ்டம்.

இதைப் படிக்கும்போதே நீலத் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கிறீர்களா? தயவுசெய்து எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள். பயாஸில் எதை மாற்றினீர்களோ அதைப் பழையபடி வையுங்கள். செக்யூர் பூட்டை ஆன் செய்து, பூட் வரிசையில் விண்டோஸை முதலில் கொண்டுவந்தாலே பல நேரம் கீ கேட்காமல் திறந்துவிடும். திறக்கவில்லை என்றால் திரையில் தெரியும் கீ ஐ.டியை ஃபோட்டோ எடுங்கள். வீட்டில் யார் யாருக்கெல்லாம் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருக்கிறதோ அத்தனையிலும் தேடுங்கள், அந்த ஐ.டியின் முதல் எட்டு எழுத்துகள் ஒத்துப்போகும் கீதான் உங்களுடையது. கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த லேப்டாப் என்றால் அவர்களுடைய கம்ப்யூட்டர் பிரிவில் கேளுங்கள். கடையில் செட் செய்து வாங்கியது என்றால் இன்றைக்கே ஃபோன் போட்டு, எந்த முகவரியைப் போட்டீர்கள் என்று விசாரியுங்கள். அந்தப் பையன் வேலையை விட்டுப் போவதற்குள் கேட்டுவிடுங்கள்.