வேலையோடு ஆன்லைன் எம்.பி.ஏ.: பணம் கட்டும் முன் நான்கு வாரம்

கடந்த ஏப்ரலில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அவசரமாக என் அறைக்கு வந்தார். கையில் போன். மறுமுனையில் ஒரு 'அட்மிஷன் கவுன்சலர்' காத்திருக்கிறார். திரையில் 5,000 ரூபாய் கட்டும் பக்கம் திறந்திருக்கிறது. "மேடம், இன்னைக்கு ராத்திரி 12 மணிக்குள்ள சீட் பிளாக் பண்ணினா ஸ்காலர்ஷிப் உண்டாம். கட்டிடவா?"

"எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டேன். ஒரு செயலியின் பெயரைச் சொன்னார். "அது கம்பெனிப்பா. டிகிரி யார் தர்றாங்க?" அவரிடம் பதில் இல்லை. மூன்று வாரமாக அந்தக் கவுன்சலரோடு தினமும் பேசியிருக்கிறார். இ.எம்.ஐ. எவ்வளவு, சம்பளம் எத்தனை மடங்கு உயரும், எல்லாம் தெரிந்திருக்கிறது. பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு முதலில் சாப்பிட்டு வரச் சொன்னேன்.

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் மனிதவளத் துறையில் இருக்கிறேன். இந்த வேலைக்கு வந்து 17 வருடம் ஆகிறது. அப்ரைசல் கடிதம் கைக்கு வந்த அடுத்த வாரமே, மேல்படிப்பு பற்றிக் கேட்க ஆட்கள் வரத் தொடங்குவார்கள். எதிர்பார்த்த புரமோஷன் கிடைக்காத வருத்தம் முகத்தில் தெரியும். அந்த வருத்தம் ஆறுவதற்குள் பணம் கட்டியவர்கள் பலரை எனக்குத் தெரியும். இரண்டாவது செமஸ்டரில் அவர்களில் சிலர் காணாமல் போவதையும் பார்த்திருக்கிறேன். படிப்பு தலைக்கு ஏறாமல் விட்டவர்கள் குறைவு. நேரம் எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் சேர்ந்தவர்கள்தான் அதிகம்.

நேரத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் அங்கீகாரம். இந்தியாவில் ஆன்லைனிலும் தொலைதூர முறையிலும் பட்டம் தருவதற்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி தர வேண்டும். டிஇபி என்று சொல்வார்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தச் சேர்க்கைப் பருவம் என்று அனுமதிப் பட்டியலை அவர்களுடைய இணையதளத்திலேயே போடுகிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பி.காம். அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக அதன் எம்.பி.ஏ.வும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சேரும் பருவத்துக்கு, நீங்கள் சேரும் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கவுன்சலர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். பத்து நிமிட வேலைதான், நீங்களே செய்யுங்கள்.

2024-லிருந்து, சேருகிறவர்கள் டிஇபி-ஐடி என்ற எண்ணையும் எடுத்தாக வேண்டும். ஏபிசி-ஐடி எனப்படும் கல்விக் கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு) கணக்கு எண் இருந்தால் அதே இணையதளத்தில் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதே 2024 ஏப்ரலில், 'பத்தே நாளில் எம்.பி.ஏ.' என்ற பெயரில் நடக்கும் படிப்புகளை நம்ப வேண்டாம் என்று மானியக் குழுவே அறிவிப்பு வெளியிட்டது. அதற்கு முந்தைய டிசம்பரில், அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்துச் சில ஆன்லைன் நிறுவனங்கள் தரும் பட்டங்கள் செல்லாது என்றும் எச்சரித்தது. இரண்டு அறிவிப்புகளையும் அச்செடுத்து எங்கள் கேன்டீன் நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

'ஆன்லைன் டிகிரியை யார் மதிப்பார்கள்' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பது இயல்புதான். அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் ஆன்லைனிலோ தொலைதூர முறையிலோ தரும் பட்டம், நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரிலேயே மானியக் குழு தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே பயம் அதில் இல்லை. 'போஸ்ட் கிராஜுவேட் புரோகிராம்', 'எக்ஸிகியூட்டிவ் சர்டிபிகேட்' என்ற பெயர்களில்தான் இருக்கிறது. அவற்றில் நல்ல படிப்புகளும் உண்டு, ஆனால் அவை பட்டம் அல்ல. முதுகலைப் பட்டம் கட்டாயம் என்று விதி இருக்கும் இடத்தில் அந்தச் சான்றிதழைக் காட்டி நுழைய முடியாது.

இதில் என் மனதை விட்டு நீங்காத ஒரு சம்பவம் உண்டு. சில வருடங்களுக்கு முன், மேலாளர் பதவிக்கு ஒருவரைத் தேர்வு செய்தோம். நேர்காணலில் அருமையாகப் பேசினார், அனுபவமும் இருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பில்தான் சிக்கல். வேறொரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இங்கே நடந்த 'ஸ்டடி சென்டர்' ஒன்றில் தொலைதூர எம்.பி.ஏ. முடித்திருந்தார். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைதூர முறையில் தங்கள் மாநில எல்லையைத் தாண்டி மையம் நடத்தக் கூடாது. முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புகளுக்குத்தான் அந்த எல்லைக் கட்டுப்பாடு இல்லை. அவருக்கு இது தெரியாது. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்துப் படித்தவர். வேலை உத்தரவைத் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான். சேரும் நாளில் யாராவது ஒருவர் அவரை உட்காரவைத்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத அதுவும் ஒரு காரணம்.

சரி, இப்போது நேரம். இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கு வைக்கிறது. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட் எல்லாம் சேர்த்து. நான்கு கிரெடிட் பேப்பர் ஒன்றுக்கு 120 மணி நேரம். செமஸ்டருக்கு ஐந்து பேப்பர் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 600 மணி நேரம். ஆறு மாதத்தில் 26 வாரம், அப்படியென்றால் வாரத்துக்கு 23 மணி நேரம். முழுநேர வேலையில் இருப்பவரால் இவ்வளவு முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் வாரம் 12 மணி நேரமாவது உட்கார்ந்தவர்கள்தான் அரியர் இல்லாமல் முடித்திருக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்த அளவில் அதுதான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனவர்கள் அசைன்மென்ட் தேதிகளைத் துரத்திக்கொண்டே இருந்தார்கள்.

அந்தப் 12 மணி நேரம் எங்கே இருக்கிறது? எங்கள் தொழிற்சாலையில் ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2 வரை, பி ஷிப்ட் 2 முதல் 10, சி ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6. நேரலை வகுப்புகள் பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு, அல்லது சனி, ஞாயிறில். பி ஷிப்ட்டில் இருப்பவர் எட்டு மணிக்கு மெஷின் முன் நிற்பார். ஜெனரல் ஷிப்ட்காரர் ஓ.டி. பார்த்தால் அந்நேரம் கம்பெனி பஸ்ஸில் இருப்பார். வாலாஜாபாத் சாலையில் படப்பை தாண்டுவதற்குள் நான்கு முறை சிக்னல் அறுந்து, ஆசிரியர் பலகையில் போட்ட கணக்கின் முதல் வரியும் கடைசி வரியும்தான் கண்ணில் படும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பஸ்ஸில் படிக்கலாம் என்பது சேருவதற்கு முன் எல்லோரும் சொல்வது. பாட்காஸ்ட் கேட்கலாம், அச்செடுத்த குறிப்பைப் புரட்டலாம். நிதிநிலை அறிக்கையை அங்கே உட்கார்ந்து புரிந்துகொள்ள முடியாது.

எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு சகோதரி இரண்டு வருடத்தில் எம்.பி.ஏ. முடித்தார். இரண்டு பிள்ளைகள், மாமியார் உடன் இருக்கிறார். காலை நாலரை முதல் ஆறு வரை அவருடைய நேரம். தினசரி காலண்டரில் முந்தைய நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அன்று படித்ததை நான்கு வரியில் எழுதி, ஒரு கிளிப்பில் மாட்டி வைப்பார். தேர்வுக்கு முந்தைய வாரம் அந்தத் தாள்கள்தான் அவருடைய புத்தகம். ஒரு நாள் கொண்டுவந்து காட்டினார். ராகு காலம், எமகண்டம் அச்சடித்த தாளின் பின்னால் 'பங்களிப்பு வரம்பு, சமநிலைப் புள்ளி' என்று பென்சிலில் எழுதியிருந்தது. மாதக் கடைசி ஐந்து நாளும் அடுத்த மாதத்தின் முதல் ஐந்து நாளும் கணக்கு முடிக்கும் வேலை இருக்கும் என்பதால், அந்தப் பத்து நாளில் படிப்பதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டார். அவரை முடிக்க வைத்தது அந்த முடிவுதான் என்பது என் எண்ணம். படிக்க முடியாத நாட்களைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் கழித்துவிட்டு, மீதி நாட்களைக் காப்பாற்றிக்கொண்டார்.

சேர்க்கை வருடத்துக்கு இரண்டு முறை, பொதுவாக ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். கணக்கு, தணிக்கைப் பக்கம் இருப்பவர்கள் ஜூலையில் சேருவது நல்லது. ஜனவரியில் சேர்ந்தால், படிக்கும் பழக்கம் உருவாக வேண்டிய முதல் மூன்று மாதமும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் போய்விடும். விற்பனைப் பிரிவினருக்கும் மார்ச் இலக்கு இப்படித்தான்.

இதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம், பணம் கட்டும் முன் நான்கு வாரம் படித்துக்காட்டச் சொல்கிறேன். எனக்குக் காட்ட வேண்டாம், அவர்களுக்கே காட்டிக்கொள்ளட்டும். இக்னோவின் பாடநூல்கள் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் மேலாண்மைப் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் கட்டணம். பிடித்த பாடத்தை எடுக்காதீர்கள். பொறியியல் படித்தவர்கள் மேலாளர்களுக்கான கணக்கியலை எடுங்கள். காமர்ஸ் படித்தவர்கள் புள்ளியியலை எடுங்கள். வழக்கமாக ஆட்கள் தடுக்கி விழும் பேப்பர்கள் அவை இரண்டும்தான். வாரம் 12 மணி நேரம் என்று வைத்து, உண்மையில் உட்கார்ந்த நேரத்தை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நான்கு வாரத்தில் எல்லா ஷிப்ட்டும் ஒரு சுற்று வந்துவிடும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒரு லட்சத்துக்குள்ளேயே முடிக்க வழி உண்டு. தனியாரில் ஒன்று, இரண்டு லட்சத்துக்கு மேலும் போகும். ஐஐஎம்கள் நடத்துவது இன்னும் பல மடங்கு. 'நோ-காஸ்ட் இ.எம்.ஐ.' என்பது உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கி, அடுத்த வருடம் வீட்டுக் கடன் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் வர வேண்டும். கம்பெனி கட்டணத்தில் ஒரு பங்கு தருவதாக இருந்தால், எத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் மேலதிகாரியிடமும் சேருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். 'வேறு வேலைக்குத் தயாராகிறான்' என்று நினைப்பாரோ என்ற பயத்தில் பலர் மறைக்கிறார்கள். பொதுவாக 100 மதிப்பெண்ணில் 70 வரை செமஸ்டர் இறுதித் தேர்வில்தான் இருக்கிறது. அந்த வாரத்தில் திடீரென லீவு கேட்டால் யாருக்கும் தர மனம் வராது. மூன்று மாதம் முன்னால் தேதியோடு சொன்னால் ஆள் மாற்றித் தர முடியும். எங்கள் சூப்பர்வைசர்கள் பலர் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் என் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். மேலாளர் கிரேடுக்கு முதுகலைப் பட்டம் கட்டாயம் என்று விதி உள்ள இடங்களில், எட்டுப் பத்து வருட அனுபவத்தோடு அந்தப் படியில் நிற்கிறவருக்கு இது உண்மையிலேயே கதவைத் திறக்கும். வேலைக்கு வந்து ஒரு வருடமே ஆன, வேறு துறைக்கு மாற நினைக்கும் இளைஞருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. டான்செட், கேட் (CAT) போன்ற எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதி, முழுநேரமாக ஒரு கல்லூரியில் சேர்வதே அவருக்கு நல்லது. கேம்பஸ் நேர்காணல், கூடப் படிக்கும் நண்பர்களின் தொடர்பு, இவையெல்லாம் லேப்டாப் திரை வழியாக அந்த அளவுக்கு வருவதில்லை. அப்புறம் ஒன்று, ஸ்பெஷலைசேஷனை நீங்கள் அன்றாடம் தொடும் வேலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்திப் பிரிவில் இருப்பவர் ஆபரேஷன்ஸ் எடுத்தால், பகலில் பார்த்த ஸ்டாக் கணக்கையே இரவில் பாடமாகப் படிக்கலாம்.

அந்தத் தரக்கட்டுப்பாட்டுத் தம்பி மே மாதம் தன் நோட்டோடு வந்தார். 48 மணி நேரத்துக்கு 31 வந்திருந்தது. ஏ ஷிப்ட் வாரத்தில் 13, ஜெனரலில் 9, சி ஷிப்ட்டில் 6. பி ஷிப்ட் வாரத்தில் வெறும் 3. இரவு பதினொன்றரைக்கு வீடு போய்ச் சேர்ந்து, காலை பத்து வரை தூங்கியிருக்கிறார். இருவரும் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினோம். பி ஷிப்ட் வாரத்தில் எட்டு மணிக்கு எழுந்து, பதிவு செய்த வகுப்புகளை மதியம் கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைப் பட்டியலில் அவரே தேடி எடுத்தார். டிஇபி-ஐடியும் எடுத்தாயிற்று, ஜூலை சேர்க்கைக்குக் காத்திருக்கிறார். நோட்டில் எழுதுவதை இன்னும் நிறுத்தவில்லை. போன வாரம் மறுபடி பி ஷிப்ட், 8 மணி நேரம் என்று எழுதியிருந்தார்.