இறைச்சிக் கடைக்காரரும் கணினித் திரையும்

லண்டனில் பணிபுரியும் வாசகர் ஒருவர், அலுவலகத்தில் மூத்த ஊழியர் கணினித் திரையைச் சுட்டி 'ஹேவ் எ புச்சர்ஸ்' என்று சொன்னதைக் கேட்டுத் திகைத்ததாக எழுதியிருக்கிறார். புச்சர் என்றால் இறைச்சிக் கடைக்காரர் ஆயிற்றே, அவருக்குத் திரையில் என்ன வேலை என்பது அவருடைய கேள்வி.

'சற்றுப் பார்' என்பதே அதன் பொருள். காக்னி எனப்படும் கிழக்கு லண்டன் உழைக்கும் மக்களோடு சேர்த்துப் பேசப்படும் இந்தக் கொச்சை, சொல்லின் கடைசி ஒலியை, அதாவது நம் யாப்பில் இயைபு எனப்படுவதைக் கொண்டு இயங்குகிறது. 'லுக்' என்பதற்கு இயைபாக, இறைச்சியைத் தொங்கவிடும் கொக்கியான 'புச்சர்ஸ் ஹுக்' வருகிறது. பிறகு 'லுக்' என்பதை நினைவூட்டிய அந்த 'ஹுக்' என்ற சொல்லையே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். நன்னூல் உரைகள் குழூஉக்குறிக்குக் காட்டும் எடுத்துக்காட்டில் பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்கிறார்கள். அந்தச் சொல்லிலிருந்து பொன்னுக்குப் போக வழியில்லை. இங்கே வழி இருக்கிறது, ஆனால் பாலம் மட்டும் அகற்றப்பட்டிருக்கிறது.

இது காவலரை ஏய்க்கத் திருடர்கள் கட்டிய மொழி என்ற கதை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் 1859இல் கொச்சைச் சொல் அகராதி வெளியிட்ட ஜான் கேம்டன் ஹாட்டன், தெருவில் பாட்டுத்தாள்களைப் பாடியும் கூவியும் விற்றவர்களையே இதற்குக் காரணமாகக் காட்டுகிறார். ஒலியை விற்றுப் பிழைத்தவர்கள் ஒலியோடு விளையாடினார்கள் என்பது எனக்கு இயல்பாகப் படுகிறது.

நான் வியந்து நிற்பது 'ஆரிஸ்' என்ற சொல்லிடம்தான். பிட்டத்தைக் குறிக்கும் 'ஆர்ஸ்' என்ற சொல்லுக்கு இயைபு 'பாட்டில் அண்ட் கிளாஸ்'. அது 'பாட்டில்' எனக் குறுகியது. 'பாட்டில்' என்பதற்கு இயைபாகக் கிரேக்க மெய்யியலாளர் 'அரிஸ்டாட்டில்' அகப்பட்டார். அவரும் 'ஆரிஸ்' எனக் குறுகினார். அதோடு விடாமல், 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்பதை அதற்கு இயைபாக்கி 'பிளாஸ்டர்' என்று சொல்பவர்களும் உண்டு. இந்தத் தொடர் லண்டன் உச்சரிப்பில்தான் சரியாக நடக்கும்: அங்கே 'ஆர்ஸ்' என்பதிலுள்ள ரகரம் ஒலிப்பதில்லை, 'கிளாஸ்' என்பதில் உள்ள உயிர் நீண்டு ஒலிக்கிறது, ஆகவே இரண்டும் 'ஆஸ்' என்றே முடிகின்றன. ரகரத்தை அழுத்தி உச்சரிக்கும் அமெரிக்கர் வாயில் முதல் கண்ணியே அறுந்துவிடும்.

பாலம் போன பிறகு பேசுபவரே மூலத்தை மறந்துவிடுவதும் உண்டு. உதடுகளுக்கு இடையே நாக்கை நீட்டிப் 'புர்ர்' என்று ஊதிக் குழந்தையைச் சிரிக்கவைப்பதை ஆங்கிலேயர் 'ராஸ்பெர்ரி' என்கிறார்கள். அது 'ராஸ்பெர்ரி டார்ட்' என்ற தின்பண்டத்தின் முற்பாதி. வெட்டப்பட்ட 'டார்ட்' குசுவைக் குறிக்கும் 'ஃபார்ட்' என்ற சொல்லுக்கு இயைபு.