தாத்தா வைத்துவிட்டுப் போன துப்பாக்கி: விலையை விடுங்கள், காகிதத்தைத் தேடுங்கள்

பரணிலிருந்து இறக்கியபோது அது ஒரு பழைய வேட்டியில் சுற்றியிருந்தது. ஒற்றைக் குழல். கட்டையின் அடிப்பக்கத்தைக் கரையான் அரித்திருந்தது. குழலும் கட்டையும் சேரும் இடத்து இரும்பில் எண் பொறித்திருந்தார்கள். துருவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தால் கடைசி மூன்று இலக்கம் மட்டும் தெரிந்தது. பக்கத்திலேயே ஒரு மஞ்சள் பை. அதற்குள் லைசென்ஸ் புத்தகமும் பச்சை பிடித்த நாலு தோட்டாக்களும் இருந்தன. புத்தகத்தில் கடைசியாகப் புதுப்பித்த முத்திரை 1994. லைசென்ஸ்காரர் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மேலூருக்கு வடக்கே ஒரு கிராமத்தில் நான் பார்த்தது இது. அந்த அம்மாவுக்கு அது வீட்டுக்காரர் ஞாபகம், அவ்வளவுதான். ஆடி பதினெட்டு அன்று எடுத்துத் துடைத்துப் பொட்டு வைத்துத் திரும்பப் பரணில் ஏற்றிவிடுவார். பங்காளியோடு வரப்புத் தகராறு வந்தது. யாரோ போட்டுக்கொடுத்தார்கள். மகன் மீது ஆயுதச் சட்டத்தில் வழக்கு. "எங்கப்பா லைசென்ஸ் இருக்குங்க சார்" என்று அவன் புத்தகத்தை நீட்டியதும், அதே புத்தகத்தை அவனுக்கு எதிராகவே எடுத்து வைத்தார்கள். லைசென்ஸ் இறந்தவருடையது. அவர் போனதும் அதுவும் போய்விட்டது.

அந்தக் குடும்பம் பட்ட பாட்டைப் பார்த்ததிலிருந்து, பழைய துப்பாக்கி பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது "காகிதம் என்ன இருக்கிறது?" என்பதுதான். இப்போது மதுரையிலிருந்து காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போகும் இளைஞர்களும் கேட்கிறார்கள். எந்த நாட்டுத் தயாரிப்பு, எத்தனை வருஷப் பழசு, பித்தளை வேலைப்பாடு அசலா, இதெல்லாம் அவர்கள் கேள்வி. கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அதெல்லாம் இரண்டாவது.

சட்டம் சுருக்கமாக: ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்தில் மூன்று விஷயம் மாறியது. ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம், முன்பு மூன்று. லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமானது. லைசென்ஸ் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருஷம், ஐந்து வருஷம் வரை சிறை, அபராதம் வேறு. தானியங்கி போன்ற தடை செய்யப்பட்ட வகை என்றால் தண்டனை ஏழு வருஷத்தில் தொடங்குகிறது.

இனி ஆட்கள் மாட்டும் இடங்களுக்கு வருவோம்.

முதல் பொறி, "பழசு என்றால் லைசென்ஸ் வேண்டாம்" என்ற பேச்சு. டீக்கடையிலும் சொல்கிறார்கள், பழம்பொருள் விற்கிறவர்களும் சொல்கிறார்கள். சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் வாசகத்தைக் கவனியுங்கள்: பழைய மாதிரியாகவோ, தொன்மை மதிப்புள்ளதாகவோ, பழுதானதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். "ரிப்பேர் செய்தாலும்" என்ற இடத்தில்தான் எல்லாம் நிற்கிறது. விசை உடைந்திருக்கிறது, சுடாது என்று நீங்கள் சொல்வீர்கள். விசையை மாற்றினால் சுடும் என்று நிபுணர் அறிக்கை வந்தால் உங்கள் வாதம் முடிந்தது. வயது மட்டும் யாரையும் காப்பாற்றாது.

இரண்டாவது பொறி இன்னும் நுணுக்கமானது. 2020 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தி, 'கியூரியோ' (சேகரித்து வைக்கும் அரும்பொருள்) வகையில் வரும் சிறு துப்பாக்கிகளை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டாம் என்று அறிவித்தார்கள். சேகரிப்பவர்கள் அந்தச் செய்தியைக் கைபேசியில் வைத்துக்கொண்டு காட்டுகிறார்கள். அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: பயன்படுத்தவும், எடுத்துச் செல்லவும், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகவும் உரிய லைசென்ஸ் வேண்டும். காரைக்குடியில் வாங்கியதை மதுரைக்குக் காரில் கொண்டுவரும்போதே விதி உங்களைப் பிடித்துவிடுகிறது. தவிர, உங்கள் கையில் இருப்பது கியூரியோதான் என்று யார் சொல்வது? கடைக்காரர் வாய்வார்த்தை செல்லாது. உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். பதில் வர மாதக்கணக்கில் இழுப்பார்கள், தெரியும். அதுவரை பொருள் கடையிலேயே இருக்கட்டும்.

தோட்டாவை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. துப்பாக்கி செல்லாக்காசு என்று நிரூபித்தாலும் அந்த மஞ்சள் பையில் இருக்கும் நாலு தோட்டா தனிக் குற்றமாக நிற்கும். அப்புறம் இன்னொன்று: குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கியில், கடைசியாகக் கெட்டித்த மருந்து உள்ளேயே இருக்கலாம். குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது, கம்பி விட்டுக் குத்துவது எல்லாம் வேண்டாம்.

உப்புத்தாளும் வேண்டாம். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்து, பொறித்திருக்கும் எண்ணை அழித்துவிட்டால், நீங்களே அழித்ததாகச் சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில். தேங்காயெண்ணெய் தொட்ட துணி போதும். தெரிகிற இலக்கங்களை அப்படியே புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பரணில் இருப்பது தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

21-ஆம் பிரிவின்படி, வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போன துப்பாக்கியைத் தேவையில்லாத தாமதம் இல்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஆனால் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். லைசென்ஸ்காரர் உயிரோடு இருந்தால் அவர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு இன்னொருவர் ரிப்பேருக்கோ புதுப்பிக்கவோ எடுத்துப் போகலாம். இறந்தவர் கடிதம் கொடுக்க முடியாது. அதனால் முதலில் காவல் நிலையத்துக்கு மனு. இறந்த தேதி, துப்பாக்கி கிடைத்த தேதி, எண், தோட்டா எண்ணிக்கை, "ஒப்படைக்க விரும்புகிறேன், எடுத்துவர வழி சொல்லுங்கள்" என்ற வரி. மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் சீட்டு) கேளுங்கள். தரவில்லையா? அதே மனுவைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். "இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று நிலையத்தில் கேட்கத்தான் செய்வார்கள். பயந்துபோய்க் கிணற்றில் போட்டவர்கள் உண்டு. போட்டது வெளியே வந்தால் பதில் சொல்ல வாயே இருக்காது. நீங்களாகவே எழுதிக் கொடுத்த தேதி, பின்னால் உங்களுக்குப் பெரிய துணை.

ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கும்போது 'துப்பாக்கி ஒன்று' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எண், எத்தனை குழல், குழலின் உள்விட்டம் ('போர்') என்ன, கட்டையின் நிலை, தோட்டா எத்தனை, எல்லாம் வர வேண்டும். மொட்டை ரசீதோடு போனவருக்கு ஆறு வருஷம் கழித்து வேறொரு துப்பாக்கியைக் காட்டி "இதுதானே உங்களுது" என்று கேட்டார்கள். தேர்தல் நேரத்தில் லைசென்ஸ்காரர்களை ஒப்படைக்கச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டும் வைக்காதீர்கள். குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறாததை அரசு எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஒப்படைத்த பிறகு உங்கள் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். யாரிடம் என்பதிலேயே அலைய விடுவார்கள். மதுரை மாநகரக் காவல் எல்லைக்குள் வீடு இருந்தால் போலீஸ் கமிஷனர், வெளியே என்றால் கலெக்டர். மாநகராட்சி எல்லையும் காவல் எல்லையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள், இங்கே போ, அங்கே போ என்று இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே மாதக்கணக்கில் நடக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு எந்தக் காவல் நிலையம், அது மாநகரமா மாவட்டமா என்று முதலில் கேளுங்கள்.

வாரிசுக்கு விதி 25 தனி வழி தந்திருக்கிறது. லைசென்ஸ்காரர் இறந்தால் வாரிசு கேட்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆகியிருந்தாலோ 25 வருஷம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, தாமே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு மாற்றிவிடலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தா இருந்தால் இந்த மாதமே உட்கார்ந்து எழுதுங்கள். அவர் கையெழுத்து இருந்தால் பாதி அலைச்சல் இல்லை. இறந்த பிறகு என்றால் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசு சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்க்க வேண்டும். சென்னையில் இருக்கும் தங்கச்சி கையெழுத்துப் போடவில்லை என்று ஃபைல் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். வாரிசு சான்றில் எத்தனை பெயரோ அத்தனை கையெழுத்தையும் முதலிலேயே வாங்குங்கள்.

விசாரணையில் "உங்களுக்கு என்ன உயிராபத்து?" என்று கேட்பார்கள். வாரிசு விண்ணப்பத்தில் ஆபத்தைக் காட்ட வேண்டியதில்லை. சட்டத் தகுதி இருந்து, போலீஸ் அறிக்கையில் பாதகமான குறிப்பு இல்லாமல் இருந்தால் போதும். மனுவின் மேலேயே "விதி 25-இன் கீழ்" என்று எழுதிவிடுங்கள். "சொத்து இல்லையே" என்று சொன்னாலும் விடாதீர்கள். போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவே சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், அது வந்த பிறகு முடிவெடுக்க 60 நாள் என்பது விதி. நடைமுறை வேறு. நாள் கடந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் "என் மனு எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது" என்று ஒரே கேள்வி கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று வாங்கும் பதிலைவிட அது வேகமாக ஃபைலை நகர்த்துகிறது.

ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கிறவருக்கு மூன்றாவது வராது, தாத்தாவுடையது என்றாலும். லைசென்ஸ் இருந்தும் ஆயுத லைசென்ஸ்களுக்கான தேசியப் பதிவில் ஏற்றிய தனி அடையாள எண் அதில் இல்லை என்றால் அந்தப் புத்தகமும் செல்லாது. பழைய புத்தகத்தைக் காட்டி யாராவது "பேப்பர் பக்கா" என்று விற்க வந்தால் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள். தனியாள் ஒருவரிடமிருந்து வாங்குவதானால், வாங்குகிறவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். விற்கிறவர் கலெக்டருக்கோ கமிஷனருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்திருக்க வேண்டும். "இன்னைக்கே எடுத்துக்கங்க தம்பி" என்கிறவரிடம் அந்தக் கடித நகலைக் கேளுங்கள். நூறு வருஷம் தாண்டியது என்றால் தொல்பொருள் சட்டம் 1972 வேறு வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு ஞாபகார்த்தமாக அனுப்பலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மேலூர்ப் பக்கத்து அம்மா இப்போதும் வாய்தாவுக்கு மகனோடு வருகிறார். மஞ்சள் பை அவர் கையில்தான் இருக்கிறது. அதில் இப்போது வழக்குக் காகிதம்.